தரிசென்று எழுதிய சேற்றில் வாழும் ஓடிலி நத்தை

பழவேற்காட்டு ஏரியை அடுத்துள்ள பொன்னேரி, கும்மிடிப்பூண்டி தாலூகாக்களின் கிராமக் கணக்குகளைப் பார்வையிடுவோர், நஞ்சை புஞ்சை இனங்களுக்கு அப்பால் ஒரு பெரும் பரப்பு தரிசென்றும் உப்பங்கழிப் புறம்போக்கென்றும் குறிக்கப்பட்டிருப்பதைக் காண்பர். அதற்குத் தீர்வை இல்லை; அதில் சாகுபடி இல்லை; ஆதலால் அடங்கலில் அதைப்பற்றி வருஷந்தோறும் எழுதவேண்டியதும் ஒன்றுமில்லை. ஓதம் ஏறுகையில் நீருள் மறைந்து, ஓதம் வடிகையில் கருஞ்சேறாகத் தோன்றும் இவ்விடத்தை நம்மவர் ஒன்றுக்கும் உதவாத பூமியென்றே எண்ணிப் பழகிவிட்டனர். இவ்வெண்ணம் பிழையானது. அப்பிழையால் நேரும் நஷ்டம் சேற்றில் வாழும் ஜீவன்களோடு நில்லாமல் நமது கிணறுகளையும் வயல்களையும் வந்து தொடுகிறது. இதனை எடுத்துக்காட்டுவதற்கு அச்சேற்றிலும் உவர்நீரிலும் வாழும் மிகச் சிறிய பிராணி ஒன்றைச் சாட்சியாக அழைக்கிறோம். அதுதான் ஓடிலி நத்தை.

இப்பிராணி யாது?

நத்தையென்றவுடன் முதுகில் ஓட்டைச் சுமந்துகொண்டு மழைக்காலத்தில் வரப்பில் ஊரும் பிராணியே நமது நினைவுக்கு வரும். அவ்வினத்தைச் சேர்ந்தவையாயினும், ஓட்டை முற்றிலும் இழந்தோ அல்லது உடலினுள் மெல்லிய தகடாகச் சுருக்கிக்கொண்டோ, கடலிலும் உவர்நீரிலும் வாழும் ஜீவன்கள் உலகில் சில ஆயிரம் வகைகள் உண்டு. இவற்றையே இங்கு ஓடிலி நத்தை என்கிறோம். மன்னார் வளைகுடாவில் வலையில் அகப்படும் கடலட்டை வேறு. அது நட்சத்திர மீனுக்கு உறவான பிராணி. கடலட்டை பிடிப்பது 2001-ஆம் ஆண்டுமுதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி விலக்கப்பட்டிருப்பதைப் பலரும் அறிவர். ஓடிலி நத்தையைப் பிடித்து விற்பார் நமது கரையில் இல்லை. ஆகையால் அதைப்பற்றிப் பேசுவாரும் மிகச் சிலரே.

உவர்க்கழிகளில் வாழும் ஓடிலி நத்தைகள் பெரும்பாலும் நெல்மணி அளவிலிருந்து விரற்கடை அளவு வரையில்தான் இருக்கும். சில பச்சைப் பாசியைத் தின்று வாழ்வன. சில, கற்களிலும் மரமுளைகளிலும் படரும் நுண்ணிய பூவுயிர்களைத் தின்று வாழ்வன. பாசியையோ கல்லையோ பற்றிக்கொண்டு, பசை போன்ற நாடாவில் முட்டைகளைக் கோத்து இடும். முட்டையினின்று வெளிப்படும் குஞ்சு சிலகாலம் நீரோட்டத்தில் மிதந்து, பின்னர்த் தனக்குரிய உணவு உள்ள இடத்தைக் கண்டே தங்கும். அவ்வுணவு இல்லாத இடத்தில் அது தங்காது, தங்கினாலும் பிழைக்காது.

இவ்வினத்தில் எலிசியா என்னும் ஒரு பிரிவு விவசாயிகள் அறிந்து வியக்கத்தக்கது. நெற்பயிரின் இலை, சூரிய ஒளியைக் கொண்டு தன் உணவைத் தானே சமைத்துக்கொள்கிறது. அவ்வேலையைச் செய்வது இலைக்குள் இருக்கும் பசுங்கணிகம் என்னும் நுண்ணுறுப்பு. எலிசியா, பாசியின் சாற்றை உறிஞ்சும்போது பசுங்கணிகங்களைச் செரித்துவிடாமல் தன் உடலிலேயே வைத்துக்கொள்கிறது. ஆகவே அதன் உடல் இலையைப்போலவே பச்சையாகவும் அகன்றும் தோன்றும். அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள உவர்ச் சதுப்புகளில் வாழும் ஓர் எலிசியா, அவ்விதம் பெற்ற பசுங்கணிகங்களைப் பல மாதங்கள் வரை காத்துவருவதாக ஆராய்ச்சியில் தெரிந்திருக்கிறது. அவற்றால் அதற்குக் கிடைக்கும் உணவு எவ்வளவு என்பதில் நிபுணர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. எனினும் பிராணியொன்று பயிரின் உறுப்பைத் தன்னுறுப்பாக வைத்துப் பேணுவது பொய்யன்று.

நமது கரையில் இவற்றை ஆராய்ந்தவர்கள்

இவ்வாராய்ச்சி நமது ராஜதானிக்குப் புதிதன்று. சென்னை சிவில் உத்தியோகத்தில் நெடுங்காலம் இருந்து, வடசர்க்கார் ஜில்லாக்களின் கமிஷனராக விளங்கிய சர் வால்டர் எலியட், விசாகப்பட்டினத்தை அடுத்த வால்டேரில் கிடைத்த ஓடிலி நத்தைகளைச் சேகரித்து உயிரோடிருக்கையில் வர்ணப் படங்களாகத் தீட்டச் செய்தார். அவற்றை ஆல்டர், ஹான்காக் என்னும் இருவர் 1864-இல் லண்டனில் வெளியிட்டனர். தீர்வை வசூலையும் நில நிர்வாகத்தையும் மேற்பார்வை செய்துவந்த ஓர் உத்தியோகஸ்தர் கடற்கரைப் பாறையிடுக்கில் ஊரும் இச்சிறு உயிர்களுக்கும் நேரம் ஒதுக்கினார் என்பதை நமது கிராம உத்தியோகஸ்தர்கள் கவனிக்கவேண்டும்.

பழவேற்காட்டு ஏரிக்கு ஒப்பான உவர்நீர்ப் பரப்பு ஒரிஸாவின் சில்கா ஏரியாகும். அதன் ஜீவராசிகளை அன்னண்டேல், கெம்ப் என்போர் ஆராய்ந்தபோது கிடைத்த எலிசியா ஒன்றைச் சார்லஸ் எலியட் என்னும் வேறொரு அறிஞர் 1916-இல் விவரித்து, அவ்வேரியின் பெயரையே அதற்குச் சூட்டினார். சென்னைப் பகுதியில் கிடைத்த பாசியுண்ணும் ஓடிலி நத்தை ஒன்றை வீரபத்திர ராவ் என்பவர் 1937-இல் இந்தியப் பொருட்காட்சிச்சாலையின் வெளியீட்டில் அதன் அமைப்பு, வழக்கங்கள், குஞ்சு வளர்ச்சி ஆகியவற்றுடன் விரிவாக எழுதினார். இவை பழங்கதையென்று விட்டுவிடுவதற்கில்லை. மேற்கு வங்காளத்தின் திகா கரையிலும் அதனை ஒட்டிய ஒரிஸாக் கரையிலும் கிடைத்த புதிய ஓடிலி நத்தை ஒன்றுக்கு, இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையினர் 2024-இல் ஜனாதிபதி திரௌபதி முர்மு அவர்களின் பெயரை இட்டனர். அதன் நீளம் 7 மில்லிமீட்டருக்கு மேற்படாது. ஜனங்கள் நாள்தோறும் உலாவும் கடற்கரை மணலிலேயே அது இதுகாறும் பெயரின்றி வாழ்ந்துவந்தது. வங்கக் கடலின் கரையில் நாம் அறியாதன இன்னும் எத்தனையோ உண்டென்பதற்கு இதுவே சான்று.

இச்சிறு பிராணியால் மனிதருக்குப் பயன் உண்டோ எனக் கேட்போருக்கும் விடை உண்டு. கடல் முயல் எனப்படும் பெரிய ஓடிலி நத்தையின் நரம்புகளை ஆராய்ந்து, நினைவு என்பது எவ்விதம் நிலைபெறுகிறது என்பதை விளக்கிய எரிக் கேண்டல் 2000-ஆம் ஆண்டில் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்துமகா சமுத்திரத்தில் கிடைத்த மற்றொரு கடல் முயலிலிருந்து 1987-இல் பிரித்தெடுத்த ஒரு வஸ்துவின் அமைப்பைப் பின்பற்றிச் செய்த மருந்து, 2011-ஆம் ஆண்டுமுதல் ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய்க்கு வழங்கப்பட்டு வருகிறது. ஓடில்லாத உயிர், விஷத்தாலும் மணத்தாலும் தன்னைக் காத்துக்கொள்கிறது. அவ்விஷங்களுள் சில நமக்கு மருந்தாகின்றன.

அது வாழும் இடம்

பழவேற்காட்டு ஏரி வடதெற்காக ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீண்டு, தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலுமாகப் பரந்து கிடக்கிறது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சில்காவுக்கு அடுத்தது இதுவே. ஸ்ரீஹரிக்கோட்டைத் தீவு இதனைக் கடலினின்று பிரிக்கிறது. தெற்கே ஆரணியாறும், வடக்கே காளங்கியும் சொர்ணமுகியும் இதில் நன்னீரைக் கொணர்ந்து சேர்க்கின்றன. பழவேற்காட்டின் அருகேயுள்ள முகத்துவாரத்தின் வழியாகக் கடல்நீர் புகுந்து வெளிப்படும். ஆழம் பெரும்பாலும் ஆளுயரத்துக்கும் குறைவே. இதற்குத் தெற்கில் கொசஸ்தலையாறு எண்ணூர்க் கழிமுகத்தில் கடலை அடைகிறது. பக்கிங்காம் கால்வாய் இரண்டையும் இணைக்கிறது.

ஆறு கொணரும் வண்டலும், கடல் கொணரும் உப்பும், ஆழமற்ற நீரினுள் புகும் வெயிலும் ஆகிய மூன்றும் கூடிய இடத்தில் சேற்றின்மேல் நுண்பாசிப் படலம் வளர்கிறது. அதனை நம்பிப் புழுக்களும், நண்டுகளும், சிப்பிகளும், ஓடிலி நத்தைகளும் வாழ்கின்றன. கடலில் பொரித்த இறாற்குஞ்சு முகத்துவாரம் வழியே வந்து இச்சேற்றில்தான் வளர்கிறது. மடவை மீன் இப்படலத்தையே மேய்கிறது. மழைக்காலந்தோறும் வரும் பூநாரைகள் இச்சேற்றை அலகால் வடித்துண்கின்றன. மீனவக் கிராமத்தார் தம்முள் முறைவைத்து வலையிடும் பாடு என்னும் ஏற்பாடு இச்செல்வத்தின்மேல் எழுந்ததே. தமிழ்நாட்டு எல்லைக்குட்பட்ட பகுதி 1980-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தரிசென்று எழுதப்பட்ட நிலம் இவ்வளவையும் விளைவிக்கிறது. விளைச்சல் நமது களத்துக்கு வராமையால் நாம் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

இவ்வுயிர்களுள் ஓடிலி நத்தை மிகவும் எளிதிற் கெடக்கூடியது. சிப்பிக்கு மூடிக்கொள்ள ஓடு உண்டு. மீனுக்கு நீந்தி அகலத் துடுப்பு உண்டு. நண்டுக்கு வளை உண்டு. மெல்லிய தோலுடன் மெதுவாக ஊர்ந்து, ஒன்றிரண்டு உணவையே நம்பிப் பெரும்பாலும் ஓராண்டுக்குட்பட்ட ஆயுளுடன் வாழும் இதற்கு அவை ஒன்றும் இல்லை. அதன் பாசி அழிந்தால் அதுவும் அழியும். இங்கிலாந்தில் உவர்க்கழிகளில் வாழும் ஓடிலி நத்தை ஒன்றை 1981-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தின் அட்டவணையில் சேர்த்துக் காத்து வருகிறார்கள். ஓர் அங்குலத்தில் பாதிகூட இல்லாத பிராணிக்குச் சட்டமா என அந்நாட்டார் நகைக்கவில்லை. அது வாழும் கழிகள் குறைந்து வருவதைக் கண்டே அவ்விதம் செய்தனர்.

நேர்ந்துள்ள கேடுகள்

முதலாவது கேடு நன்னீர்க் குறைவு. ஆற்றில் மழைக்கால வெள்ளம் வேகத்துடன் வந்தால்தான் முகத்துவாரத்தில் கடல் குவிக்கும் மணலை அது அறுத்துச் செல்லும். ஆற்றுநீரை மேலேயே தேக்கியும், ஆற்றுமணலை அள்ளியும், நிலத்தடி நீரை அளவின்றி இறைத்தும் வந்தமையால் அவ்வேகம் குறைந்தது. முகத்துவாரம் தூர்ந்தால் கோடையில் ஏரிநீர் கடலினும் மிக்க உப்பாகிறது. கரையோரம் பாளமாக வெடிக்கிறது. ஓடிலி நத்தையின் முட்டை நாடா முதலில் காய்ந்துபோகிறது. இதே காரணத்தால் நமக்கு வந்த நஷ்டத்தை மீஞ்சூர்ப் பக்கத்து விவசாயிகள் மறந்திருக்கமாட்டார்கள். சென்னை நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்குமாக 1960-களின் பிற்பகுதிமுதல் அங்கே ஆழ்குழாய்களினின்று இடைவிடாது நீர் இறைத்தனர், விவசாயிகளும் இறைத்தனர். கடலோரத்தில் நின்ற உவர்நீர் நிலத்தடியில் மெல்ல மேற்கு நோக்கி நகர்ந்து, பின்வந்த ஆண்டுகளில் பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் உட்புகுந்தது. நெல் விளைந்த கிணற்றுப் பாசன நிலங்கள் உவர்ந்தன. ஏரியின் சேற்றில் உப்பு மிகுவதும், நமது கிணற்றில் உப்பு மிகுவதும் ஆறு மெலிந்ததால் வரும் ஒரே நோயின் இரு குறிகளேயாம்.

இரண்டாவது, தொழிற்சாலைக் கழிவு. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் ஸ்தாபனம் அமைத்த தொழிற்பேட்டை, சென்னையிலிருந்து கல்கத்தா செல்லும் ராஜபாட்டையை ஒட்டி, ஏரிக்கு மேற்கே மேட்டுப்பாங்கில் இருக்கிறது. இரும்பு, இயந்திரம், இரசாயனம் முதலிய பலவகைத் தொழில்கள் அங்கு நடைபெறுகின்றன. மழைநீர் அங்கிருந்து ஓடைகள், ஏரிகள் வழியாகக் கிழக்கே இறங்கிப் பழவேற்காட்டு ஏரியைச் சேர்வது நிலத்தின் இயற்கைச் சரிவு. சுத்திகரிக்காத கழிவை மழை பெய்யும் இரவில் ஓடையில் விடுவோர் இருப்பின், அது முதலில் சேர்வது நமது பாசன ஏரியில். முடிவில் தங்குவது உவர்க்கழியின் சேற்றில். உலோகங்கள் நீரில் நெடுங்காலம் மிதவா. வண்டலோடு சேர்ந்து அடியில் படியும். அவ்வண்டலை மேயும் உயிரின் உடலில் சேர்ந்து, பின்னர் அதனைத் தின்னும் மீனிலும், மீனைத் தின்னும் மனிதரிலும் ஏறும்.

மூன்றாவது, சாம்பலும் மேடாக்குதலும். எண்ணூர், அத்திப்பட்டு, வல்லூர்ப் பகுதிகளிலுள்ள அனல்மின் நிலையங்களின் நிலக்கரிச் சாம்பல், குழாய்க் கசிவினாலும் குட்டைகள் நிரம்பி வழிந்தமையாலும் கொசஸ்தலையாற்றுக் கழியில் படிந்தது. அது பல வருஷங்களாக நீதிமன்றங்கள் வரை சென்ற விஷயம். சாம்பல் படிந்த சேற்றில் ஒளி புகாது, பாசி வளராது, அடியில் வாழும் உயிர் மூச்சடைத்து மடியும். கழியைத் தூர்த்துச் சாலையும் கிடங்கும் அமைத்தால், வெள்ளம் பரவி நிற்க இடமின்றிப் பின்வாங்கி வயல்களில் நிற்கிறது. 2015-ஆம் ஆண்டு வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு வந்த வெள்ளத்தையும் கண்டவர்களுக்கு இதனை விளக்கவேண்டுவதில்லை.

நான்காவது எண்ணெய். 2017 ஜனவரி 28-ஆந் தேதி காமராஜர் துறைமுகத்தின் அருகே இரண்டு கப்பல்கள் மோதியதில் எண்ணெய் கடலில் கலந்து கரையில் ஒதுங்கியது. அதனை ஆட்கள் வாளியால் அள்ளியதை நாடறியும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலித் தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் பரவியது. கூழைக்கடாக்களின் இறகில் படிந்த எண்ணெயைப் படங்களில் கண்டோம். பறவைக்கு நேர்ந்தது கண்ணுக்குத் தெரிந்தது. ஓதம் வடிந்தபின் சேற்றின்மேல் படிந்த எண்ணெயின்கீழ் நேர்ந்ததைப் படம் பிடிப்பார் இல்லை.

ஐந்தாவது கேட்டை நாமே செய்கிறோம். பிறர்மேற் குற்றம் சொல்லும்போது இதனை மறைப்பது நியாயமாகாது. வயலில் மருந்து தெளித்த மறுநாளே மடையைத் திறந்து நீரை வடிகாலில் விடுகிறோம். பூஞ்சணத்துக்காகத் தெளிக்கும் மயில்துத்தத்தில் உள்ள செம்பு நத்தை இனத்துக்குக் கொடிய விஷம். அதனாலேயே நத்தையைக் கொல்ல அதனைப் பயன்படுத்துவதும் உண்டு. வரப்பில் நத்தையைக் கொல்லும் மருந்து வாய்க்காலில் இறங்கியபின் அதன் சுற்றத்தை அறிந்து விட்டுவிடாது. அன்றியும் 1990-களில் இறாற்பண்ணை மோகம் எழுந்தபோது, கரையோரப் பட்டாதார்களில் பலர் நெல்வயலையும் தரிசையும் குத்தகைக்கு விட்டனர். உவர்நீர்க் குட்டைகளால் அடுத்த வயல் கெட்டது; குட்டையின் கழிவு ஏரியில் விழுந்தது. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடர்ந்த வழக்கில் 1996 டிசம்பர் 11-ஆந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் அளித்த தீர்ப்பும், பின்னர் 2005-இல் இயற்றப்பட்ட கடலோர நீர்வாழ் உயிர் வளர்ப்பு ஆணையச் சட்டமும் இவ்வனுபவத்தின் விளைவேயாகும்.

ஓர் ஆட்சேபம்

சேற்றுப் பூச்சிக்காகத் தொழிலை நிறுத்துவதா என்று சிலர் கேட்கக்கூடும். இக்கேள்வி அலட்சியம் செய்யத்தக்கதன்று. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் நமது பிள்ளைகளும் வேலை செய்கிறார்கள். ஓரேக்கர், இரண்டேக்கர் நிலமுள்ள குடும்பம், மழை பொய்த்த வருஷத்தில் அவ்வருவாயால்தான் பிழைத்தது. ஆகவே தொழில் வேண்டாமென்பது எமது வாதமன்று. கழிவைச் சுத்திகரிக்கும் செலவைத் தொழில் செய்வோர் ஏற்கவேண்டும் என்பதே வாதம். அச்செலவை அவர் ஏற்காவிடில் அது மறைந்துவிடாது. கிணறு உவர்ந்த விவசாயியும், வலை வெறுமையாகத் திரும்பிய மீனவரும் அதனைச் செலுத்துகிறார்கள். அவர்கள் இலாபத்தில் பங்கு பெற்றவர்கள் அல்லர்.

கெட்டதைச் சீர்திருத்த இயலாதென்று மனம் தளரவும் வேண்டியதில்லை. சில்கா ஏரி தூர்ந்து கெட்டு, 1993-இல் சர்வதேச அபாயப் பட்டியலில் இடம்பெற்றது. 2000-ஆம் ஆண்டில் அதற்குப் புதிய முகத்துவாரம் வெட்டினர். கடலும் ஏரியும் மீண்டும் கலந்தன. மீனும் இறாலும் பெருகின. 2002-இல் அப்பட்டியலினின்று அதன் பெயர் நீக்கப்பட்டது. நீரோட்டத்தைத் திருப்பிக் கொடுத்தால் சேறு தானே உயிர்பெறும் என்பதற்கு இது நம்மருகிலேயே உள்ள உதாரணம்.

நாம் செய்யக்கூடியவை

பெரிய காரியங்கள் சர்க்காரிடமும் நீதிமன்றங்களிடமும் உள்ளன. எனினும் கிராமத்தில் முடியக்கூடியவை சில உண்டு.

(1) கிராம நிர்வாக அலுவலர்கள், புறம்போக்கு நிலம் குறித்து அறிக்கை கேட்கப்படும்போது தரிசு என்னும் ஒரு சொல்லோடு முடித்துவிடாமல், ஓதம் ஏறி வடியும் சேற்றுவெளியா, கண்டற்செடி உள்ளதா, மீன்பாடு நடைபெறுகிறதா என்பதை நேரிற் பார்த்து எழுதவேண்டும். கரையோர ஒழுங்குமுறை அறிவிக்கைகளில் கண்டற்காடும், உவர்ச் சதுப்பும், உயிர்ச்செறிவுள்ள சேற்றுவெளியும் யாவற்றினும் கண்டிப்பாகக் காக்கவேண்டிய முதல் வகையில் வைக்கப்பட்டிருக்கின்றன. அவ்வகையைச் சேர்ந்த நிலம் அறிக்கையில் வெறுந்தரிசாகத் தோன்றினால், சட்டம் இருந்தும் பயன் இல்லை. கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980-இல் நீங்கினபோதிலும், அவர்கள் எழுதிவைத்த சொற்கள் இன்றும் நிலத்தின் விதியை நிர்ணயிக்கின்றன.

(2) 2002-ஆம் வருஷத்துப் பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் மேலாண்மைக் குழு அமைத்து, அவ்வூரிலுள்ள ஜீவராசிகளைக் குறிக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிக்கவேண்டும். சுண்ணாம்புக்குளம், ஆரம்பாக்கம், அண்ணாமலைச்சேரி, காட்டூர், காட்டுப்பள்ளி முதலிய ஊர்களில் இப்பதிவேட்டில் மாடு, மரம், நெல்வகை ஆகியவற்றோடு சேற்றில் வாழ்வனவற்றையும் எழுதவேண்டும். மீனவப் பெண்டிரும், சேற்றில் கையால் துழாவி இறால் பிடிப்போரும் இவற்றை நன்கறிவர். அவர்களைக் கேட்டு, அவர்கள் இடும் பெயரோடு, கண்ட இடமும் மாதமும் குறிக்கவேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உபாத்தியாயருடன் ஓதம் வடிந்த வேளையில் சென்று, கல்லைப் புரட்டிப் பார்த்து, பழையபடி வைத்துவிட்டு வரலாம். உயிரைக் கையில் எடுக்கவேண்டியதில்லை.

(3) ஓடைநீரின் நிறம் மாறினாலும், நுரை மிதந்தாலும், மீன் செத்து ஒதுங்கினாலும், தேதி, நேரம், இடம் ஆகியவற்றைக் குறித்து, சுத்தமான சீசாவில் நீரை எடுத்து வைத்து, அன்றே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் தாசில்தாருக்கும் எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும். வாய்ச்சொல்லாகச் சொன்னது நிற்காது. பல ஊரார் சேர்ந்து ஓராண்டு குறித்துவைத்த நோட்டுப்புத்தகம் விசாரணையில் பெரிய சாட்சியாகும்.

(4) மருந்து தெளித்தபின் வயல்நீரை உடனே வடிக்காமல், மருந்தின் வேகம் தணியும் வரையில் வயலிலேயே நிறுத்திவைக்கவேண்டும். சீட்டில் குறித்த அளவுக்கு மேல் கலக்கலாகாது. நத்தைத் தொல்லை உள்ள இடத்தில் ஈரச்சாக்கைப் பரப்பி, காலையில் அடியில் ஒதுங்கியவற்றைக் கையாற் பொறுக்குவது செலவும் குறைந்தது, விஷமும் அற்றது. வடிகால் ஓரத்தில் சில முழ அகலம் கோரையும் புல்லும் வளரவிட்டால், மண்ணும் மருந்தும் ஓரளவு அங்கேயே தங்கும்.

(5) கடலோரப் பட்டாதார்கள் இறாற்குட்டைக்கு நிலத்தைக் குத்தகைக்கு விடுமுன், குத்தகைக்காரர் ஆணையத்தில் பதிவு பெற்றவரா, கழிவுநீரை எங்கே விடுவார், அடுத்த வயலுக்கு உவர் ஏறாதிருக்க என்ன ஏற்பாடு என்பவற்றைக் கேட்டறியவேண்டும். மூன்று வருஷக் குத்தகைப் பணத்துக்காக முப்பது வருஷ விளைநிலத்தை இழந்தவர்கள் நம்மிடையே உண்டு.

(6) பாசன ஏரிகளின் போக்குக் கால்வாய்களைத் தூர்வாரி, மழைக்கால உபரி நீர் ஆக்கிரமிப்பின்றிக் கீழே சென்று உவர்க்கழியை அடையச் செய்யவேண்டும். ஏரியிற் சேரும் ஒவ்வொரு வெள்ளமும் கடலுக்கு வீணாகிறதென்னும் எண்ணத்தை விடவேண்டும். அந்நீரே முகத்துவாரத்தைத் திறக்கிறது. வழியில் மண்ணுள் ஊறிக் கிணறுகளைக் காக்கிறது.

மேற்சொன்னவற்றுள் ஒன்றும் ஓடிலி நத்தைக்காக மாத்திரம் செய்யவேண்டியதன்று. கிணற்றுக்காகவும், வயலுக்காகவும், வெள்ளம் வடிவதற்காகவும் நாம் எப்படியும் செய்யவேண்டியவையே. எனினும் இப்பிராணியை முன்னிட்டுச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கிணற்றுநீர் உவர்த்ததை நாம் அறியும்போது காலம் கடந்துவிடுகிறது. மீன் செத்து மிதக்கும்போதும் அப்படியே. பாசியை நம்பிச் சேற்றில் ஊரும் மெல்லுயிரோ, கேடு சிறிதாயிருக்கையிலேயே குறைந்து காட்டும். அதனைப் பார்த்துக் குறித்துவைக்கும் வழக்கம் ஓர் ஊரில் இருக்குமானால், அவ்வூரார் எச்சரிக்கையை ஒரு பருவம் முன்னதாகவே பெறுவர்.

அடுத்த கிராம சபை கூடும்போது கரையோர ஊராட்சிகளின் பட்டாதார்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் இரண்டு கேள்விகளைக் கேட்கும்படி வேண்டுகிறோம். நமது ஊரின் உப்பங்கழி கணக்கில் என்னவென்று எழுதப்பட்டிருக்கிறது? நமது பல்லுயிர்ப் பதிவேட்டில் அங்கு வாழ்வனவற்றுக்கு ஒரு பக்கமாவது உண்டா? இவ்விரண்டுக்கும் விடை தேடப் புகுந்தால் மற்றவை தாமே பின்தொடரும். இவ்விஷயத்தில் சிரத்தை எடுத்து ஆவன செய்வார்களென்று நம்புகிறோம்.